மேய்ச்சல் என்ற ஃபோல்டர்

அட்-பாஷி
அக்டோபர் 8, 2019

மிர்ஸா தம்பிக்கு,

நல்லா இருக்கியான்னு கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், எனக்கு உன்மேல கோபம் இன்னும் போகலை. கோபம் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் ஒரு பக்கம். ரெண்டையும் கலக்காம எழுதப் பாக்கறேன்.

டிரைவர் பெய்ஷென் வண்டியில நம்ம வீட்டு டப்பாவை அனுப்பியிருக்கேன். கம்பளியில சுத்தி, மேல என் பழைய கோட்டைப் போட்டுக் கட்டியிருக்கு. கோட்டைத் திருப்பி அனுப்பு. காலையில ஸ்விட்சைப் போட்டா, நான் மாட்டைக் கறந்து, அடுப்பு மூட்டி, பொண்ணு மீரிமுக்குத் தலை பின்னி முடிச்சப்புறம்தான் அது முழிக்குது. நடுவுல உள்ளேருந்து டிக் டிக்னு யாரோ நகத்தால தட்டற மாதிரி ஒரு சத்தம். நம்ம ஸ்கூல் கம்ப்யூட்டர் டீச்சர் காதை வெச்சுக் கேட்டுட்டு, "ஜிபார், இது போகப் போகுது. சீக்கிரம் யார்கிட்டயாவது காட்டு"ன்னா. யார்கிட்ட காட்டறது? உதிரி உதிரியா வாங்கிட்டு வந்து இதைச் சேர்த்து நிறுத்தினவன் நீ. பிஷ்கெக்ல கடை போட்டு ஊர்ல இருக்கிறவங்க கம்ப்யூட்டரையெல்லாம் பாக்கற. வீட்டுதையும் பாரு.

நாலு தடவை ஃபோன் அடிச்சேன். நீ எடுக்கலை. மெசேஜ் போட்டா நீ பாக்கறதே இல்லை. அதனாலதான் காகிதம். காகிதம்னா பெய்ஷென் உன் கையில திணிச்சுட்டுத்தான் போவான்.

உங்க அண்ணன் லாரியோட ரஷ்யாவுல. அவர் கேட்டா, நீ பாத்துட்டிருக்கேன்னு சொல்லிக்கறேன். அதுக்குள்ள இருக்கிறது ஒண்ணும் போகக்கூடாது, தம்பி. ஒண்ணுகூட.

அண்ணி ஜிபார்


பிஷ்கெக்
அக்டோபர் 11

அண்ணி,

டப்பா வந்து சேர்ந்தது. கோட்டு பையில ரெண்டு குருத் தயிர் உருண்டை இருந்தது, தின்னுட்டேன். கோட்டை அனுப்பறேன்.

விஷயத்துக்கு வரேன். விண்டோஸ் எந்த டிஸ்க்லேருந்து எழுந்திரிக்குதோ அந்த டிஸ்க்தான் சாகுது. புதுசு மாட்டணும். மாட்டறது அரை மணி நேர வேலை. அதுக்கு முன்னாடி உங்க சாமானையெல்லாம் வெளிய எடுத்தாகணும், அதுதான் பெரும்பாடு. உள்ள ஊசி தேய்ஞ்சுபோச்சு. நிமிஷத்துக்கு நாலு படம்தான் வருது. எந்த நேரத்துலயும் நின்னுடும். அதனால எல்லாத்தையும் மொத்தமா அள்ள முடியாது. எது முதல்ல, எது ரெண்டாவதுன்னு நீங்க வரிசை போட்டுக் கொடுங்க. ஃபோல்டர் பேரோட எழுதுங்க.

அப்புறம் ஒண்ணு. நான் ரெண்டு டிஸ்க் போட்டுத்தானே கொடுத்தேன்? "டி-னு ஒண்ணு இருக்கு, சொந்தச் சாமானெல்லாம் அதுல போடுங்க, முதல் டிஸ்க் விண்டோஸுக்கு மட்டும்"னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? அந்த டி இன்னைக்கும் காலியாக் கிடக்கு அண்ணி. ஒரு ஈ காக்கா இல்லை. நீங்க அத்தனையையும் டெஸ்க்டாப்ல பரப்பி வெச்சிருக்கீங்க. கல்யாண வீட்டுல செருப்பு கழட்டிப் போட்ட மாதிரி இருக்கு.

ஃபோன் விஷயம். பிப்ரவரியில ஊர் நம்பர்லேருந்து ஒரு ஃபோன் வந்தது, எடுத்தேன். என்ன செய்தின்னு உங்களுக்கே தெரியும். அதுலேருந்து அந்த நம்பரைப் பாத்தா கை வரமாட்டேங்குது. நீங்க மிர்ஸான்னு கூப்பிடற இந்த எலாமானுக்கு உங்கமேல கோபமெல்லாம் இல்லை.

எலாமான்


அட்-பாஷி
அக்டோபர் 15

மிர்ஸா தம்பிக்கு,

செருப்பா? வா, உன் பல்லை எண்ணறேன். ஆறாவது வரைக்கும் உன் வீட்டுப்பாடத்தை யார் எழுதினதுன்னு மறந்துபோச்சு போல.

டி-ங்கிற டிஸ்க்ல எதையும் வெக்காததுக்குக் காரணம் கேளு. வெச்சா கண்ணுக்குத் தெரியலை. கண்ணுக்குத் தெரியாத இடத்துல நான் எதையும் வெக்கறதில்லை. மாவு டப்பாவானாலும் சரி, பட்டா காகிதமானாலும் சரி.

வரிசை கேட்ட. எழுதிக்கோ.

முதல்ல பெரியவரோடது. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான். மாமனார் பேரை மருமக நான் எழுத முடியாது, உனக்கே தெரியும். அது மட்டும் ஒரு சொட்டுகூடக் குறையாம வரணும். ஆனா உள்ள திறந்து பாக்காதே, அப்படியே எடுத்து வை. அது பின்னாடி பேச வேண்டிய விஷயம்.

அப்புறம் மீரிம் பொறந்ததுலேருந்து எடுத்த படங்க. அப்புறம் என் ரெண்டாம் வகுப்புப் பாடத் தாளுங்க. ஒன்பது வருஷமா சேத்தது, திரும்ப எழுத எனக்குக் கை கிடையாது. பாட்டு சினிமாவெல்லாம் போனாப் போகட்டும்.

ஃபோன் விஷயம் புரிஞ்சது. அதைச் சொன்னதுக்குச் சந்தோஷம். ஆனா நீ மூணாம் நாளே கிளம்பிப் போனியே, அது எனக்கு இன்னும் புரியலை. முற்றத்துல கூடாரம் போட்டு, அதுக்குள்ள உங்க அப்பாவைக் கிடத்தி, வெளிய ஆம்பளைங்க எல்லாரும் நின்னு அழறீங்க. நீயும் நின்ன. வீட்டுப் படியில மட்டும் காலை வெக்கலை. மூணு நாளும் பக்கத்து வீட்டுல தூங்கின. வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? கடைசிப் பையன் நீ. கடைசிப் பையனுக்குத்தான் வீடுங்கறது நம்ம ஊர்ல சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த வீட்டுக்குள்ள நீ நுழையலை. ஏழாம் நாள் முடியட்டும், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு நான் காத்துட்டிருந்தேன். அதுக்குள்ள அண்ணனும் தம்பியும் கத்தித் தீர்த்துட்டீங்க, நீ வண்டியேறிட்ட.

கோபத்தைக் கலக்கமாட்டேன்னு சொன்னேன். கலந்துட்டேன். போகட்டும்.

ஜிபார்


பிஷ்கெக்
அக்டோபர் 20

அண்ணி,

வேலை முடிஞ்சது. நேத்து, அதாவது பத்தொன்பதாம் தேதி, பழைய டிஸ்கைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டினேன். இனிமே மாடு கறக்கவெல்லாம் நேரம் கிடைக்காது, நீங்க உக்கார்றதுக்குள்ள அது எழுந்திருக்கும்.

எடுத்தது என்னென்னன்னா: அப்பாவோடது. தேடற இடத்துல அவர் பேரை அடிச்சேன், "கொய்சுமான்"னு ஒரு ஃபோல்டர் வந்தது. அண்ணன் போட்டது போல. சாவுக்கு வந்த படங்க, பென்ஷன் காகிதம். நீங்க சொன்ன மாதிரி முழுசா, முதல்ல அதைத்தான் எடுத்தேன். படங்களைத் திறக்கலை, திறக்கவும் தோணலை. அப்புறம் மீரிம் படங்க, எல்லாம் வந்தாச்சு. பாடத் தாளுங்க வந்தாச்சு, ஏழு தாள் மட்டும் கெட்டுப்போச்சு. பேரு எழுதி வெச்சிருக்கேன்.

எடுக்காதது: பாட்டு, சினிமா. அப்புறம் "மேய்ச்சல்"னு ஒரு பெரிய ஃபோல்டர். உள்ள என்னன்னு பாக்க டிஸ்க் விடலை, அப்படி முனகிச்சு. அளவைப் பாத்தேன், வீடியோவா இருக்கும். ஆடு மேயறதை மணிக்கணக்கா படம் புடிச்சு வெச்சிருக்கீங்களா அண்ணி? ஆட்டுக்கெல்லாம் நான் அந்த டிஸ்கைக் கொல்ல முடியாது. விட்டுட்டேன்.

குளிர்ல வர்ற டப்பாவை வந்த உடனே போட்டுடாதீங்க. ஒரு நாள் வீட்டுச் சூட்டுல இருக்கட்டும். உள்ள ஈரம் பூத்திருக்கும்.

பழைய டிஸ்க் என் அலமாரியில இருக்கு. கடை வழக்கப்படி நாற்பது நாள் வெச்சிருப்பேன், அப்புறம் அழிச்சுடுவேன். முன்னெல்லாம் மறுநாளே அழிச்சுட்டிருந்தேன். ஒரு அம்மா மூணு வாரம் கழிச்சு வந்து, அந்த ஒரு படம் மட்டும் வரலையேன்னு கடை வாசல்ல உக்காந்து அழுதாங்க. அன்னைக்கு முடிவு பண்ணினேன். செத்த மனுஷனுக்கு நாற்பது நாள் கொடுக்கறோம், டிஸ்குக்குக் கொடுத்தா என்ன?

நீங்க எழுதின மத்ததுக்கு ஒரே ஒரு பதில். "நீ போனா இந்தப் படியை மிதிக்காதே"ன்னு அப்பா சொன்னார். மூணு வருஷம் முன்னாடி. ஆட்டு மந்தையை விட்டுட்டுக் கம்பியும் ஸ்க்ரூவும் கட்டிக்கிட்டு அழுன்னார். நீங்களும் பக்கத்துல நின்னுட்டிருந்தீங்க. சொன்னவர் இருந்திருந்தா, மன்னிச்சுடுங்கன்னு கேட்டு ஏறியிருப்பேன். அவரு கூடாரத்துல, போர்வைக்குள்ள. யாரைக் கேட்டு ஏற?

எலாமான்


அட்-பாஷி
நவம்பர் 26, காலை

எலாமான்,

கொழுந்தன் பேரையும் சொல்லக்கூடாதுன்னு மிர்ஸான்னே கூப்பிட்டவ, உன் பேரைப் பத்தொன்பது வருஷத்துல முதல் தடவையா எழுதறேன். அப்படின்னா எவ்வளவு அவசரம்னு புரிஞ்சுக்கோ.

பழைய டிஸ்கைத் தொடாதே. அழிக்காதே. யாருக்கும் கொடுக்காதே.

டோலோன் கணவாயில பனி விழுந்து பாதை அடைச்சது, பெய்ஷென் உன் டப்பாவைக் கோச்கோர்ல சொந்தக்காரங்க வீட்டுல இறக்கிட்டு வந்துட்டான். மூணு வாரம் அங்கேயே கிடந்தது. அப்புறம் எனக்கு நரின்ல ஆசிரியர் பயிற்சி, ரெண்டு வாரம். முந்தாநாள்தான் வந்தேன். நீ சொன்ன மாதிரி ஒரு நாள் சூட்டுல வெச்சு நேத்து சாயங்காலம் போட்டேன். முதல்ல தேடினது "மேய்ச்சல்". காணோம். டப்பாவோட வந்த உன் கடிதத்துல, பெரியவரோடதை முழுசா எடுத்துட்டேங்கற வரியைப் பாத்த நிம்மதியில மிச்சத்தை மேலோட்டமா ஓட்டியிருந்தேன், அப்புறம்தான் திரும்பப் படிச்சேன். மேயறதுக்கெல்லாம் டிஸ்கைக் கொல்ல முடியாதுன்னு எழுதியிருக்க.

ஐயோ தம்பி, அதுதான் பெரியவரோடது! பேரை எழுத முடியாதுன்னு உனக்கே எழுதினேனே! நீ எழுதின அந்த மிருகத்தோட பேரு அவர் பேர்ல வருதுன்னு, வந்த நாள்லேருந்து அதையே "மேயறது"ன்னுதானே சொல்றேன். நீங்கள்லாம் சுத்தி நின்னு சிரிப்பீங்களே! பேரை எழுத முடியாதவ ஃபோல்டருக்கு மட்டும் அந்தப் பேரை எப்படி வெப்பா? நீ அவர் பேரை அடிச்சுத் தேடியிருக்க. அந்தப் பேரை வெச்சது உங்க அண்ணன். உங்க அண்ணனுக்கு என்ன, வாயில எது வேணும்னாலும் வரும்.

சரி, உன்னைச் சொல்லி என்ன. ஃபோல்டர் பேரோட எழுதுங்கன்னு நீ கேட்டப்ப, மேய்ச்சல்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும். இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு இருந்துட்டேன். நீ இந்த வீட்டுல இல்லைங்கறதை மறந்துட்டேன்.

அதுல என்ன இருக்குன்னு இப்பச் சொல்றேன். சொல்லக்கூடாதுன்னு சத்தியம். ஆனா போயிடுமோங்கற பயம் சத்தியத்தைவிடப் பெரிசா இருக்கு. போன குளிர்காலம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சதும், சாயங்காலம் மேயறதுக்கெல்லாம் தீவனம் போட்டுட்டு வந்து, குல்லாவைச் சரி பண்ணிட்டு, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருவார். "கெலின், மருமகளே, அந்தக் கண்ணைத் திற"ன்னு சொல்வார். கேமராவைத்தான். நான் தட்டிவிட்டுட்டு மாவு பிசையப் போயிடுவேன். முப்பத்தொரு நாள். முப்பத்தொரு படம். எல்லாம் உன்கிட்டப் பேசினது. வேற யாருக்கும் இல்லை, உங்க அண்ணனுக்குக்கூட இல்லை.

ஃபோன்ல அனுப்பிடட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டார். "படியை மிதிக்காதேன்னு சொன்னவன் நான். அந்த வார்த்தையை நான் திருப்பி எடுத்துக்கணும்னா அவன் படியேறி வரணும். வந்து நின்னா போட்டுக் காட்டு"ன்னார்.

நாற்பது நாள்னு எழுதியிருந்த. பத்தொன்பதாம் தேதியிலேருந்து விரல் விட்டு எண்ணினேன். இன்னைக்கு முப்பத்தொன்பது. பெய்ஷென் எஞ்சினைப் போட்டுட்டு வாசல்ல நிக்கறான். ஃபோன் அடிச்சேன், எடுக்கலை. இந்தத் தடவை திட்டலை, தம்பி. அந்த டிஸ்கை மட்டும் பத்திரமா வை.

ஜிபார்


பிஷ்கெக்
நவம்பர் 28, வியாழன்

அண்ணி,

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். அழிக்கலை. பெய்ஷென் கடைக்குள்ள வர்றப்ப மணி மூணு. மறுநாள் அழிக்கறதுக்குன்னு எடுத்து மேஜைமேல வெச்சிருந்த அஞ்சு டிஸ்க்ல உங்களோடதும் ஒண்ணு. கடிதத்தைப் படிச்சுட்டு, அதைத் தொடாமலே ஒரு டீ குடிச்சேன்.

நேத்து கடையைத் திறக்கலை. மாட்டினா முதல் மூணு தடவை சுத்தவே இல்லை. நாலாவது தடவை சுத்திச்சு. ஒரே நேரத்துல எல்லாத்தையும் கேட்டா அது செத்துடும்னு ஒவ்வொண்ணா எடுத்தேன். ஒண்ணு எடுத்து, நிறுத்தி, ஆற வெச்சு, அடுத்தது. பிரசவம் பாக்கற மாதிரி இருந்தது. இருபத்திரெண்டு வந்தது. இருபத்திமூணாவதுல பாதியில அந்த டிக் டிக் சத்தம் நின்னுது. அதுக்கப்புறம் எதுவும் இல்லை. என்னவெல்லாமோ பண்ணிப் பாத்துட்டேன். ஒன்பது போச்சு அண்ணி. என் கையாலதான் போச்சு. அக்டோபர்லயே எடுத்திருந்தா முப்பத்தொண்ணும் வந்திருக்கும். அன்னைக்கு அதுக்கு மூச்சு இருந்தது. ஆடுன்னு நினைச்சு விட்டேன். அப்பா பேர்ல இருக்கிற 'கொய்'னா ஆடு, அதனால உங்க வாயில ஆடுங்கற வார்த்தையே வராதுன்னு தெரிஞ்சவன், "மேய்ச்சல்"னு பாத்ததும் யோசிச்சிருக்க வேணாமா? மூணு வருஷத்துல வீட்டுப் பேச்சே மறந்துபோச்சு எனக்கு.

இருபத்திரெண்டையும் மூணு இடத்துல பத்திரமா வெச்சிருக்கேன். ஒண்ணு கடையில, ஒண்ணு என் அறையில, ஒண்ணு ஒரு சின்ன டிஸ்க்ல போட்டு என் சட்டைப் பையில. தூங்கறப்பகூடக் கழட்டலை.

நீங்க சொல்லாத ஒண்ணையும் கண்டுபிடிச்சேன். ஒவ்வொண்ணுக்கும் பூட்டு போட்டிருக்கீங்க. ஒரு வார்த்தை கேக்குது. உக்காந்து யோசிச்சேன். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கலை, இது அதுவாத்தான் இருக்கணும்னு தோணிடுச்சு. விரலை எழுத்துமேல வெச்சேன். அடிச்சிருந்தா அப்பா முகம் வந்திருக்கும்.

அடிக்கலை. திருட்டுத்தனமா ஜன்னல் வழியா குதிக்கற மாதிரி இருந்தது.

நாளைக்கு பெய்ஷென் மறுபடி இங்க வர்றானாம். சனிக்கிழமை திரும்பறப்ப எனக்கு ஒரு சீட் சொல்லிட்டேன். ஆனா பயமா இருக்கு அண்ணி. முப்பத்தொரு நாள் ஒருத்தர் பேசினார்னா, அதுல எவ்வளவு திட்டு இருக்கும்! போன ஒன்பதுலதான் மன்னிச்சேன்னு சொல்லியிருந்தார்னா நான் என்ன பண்றது? அது ஒண்ணுதான் நேத்துலேருந்து மண்டையைக் குடையுது. தெரிஞ்சா சொல்லுங்க. இல்லை, சொல்லாதீங்க. தெரியலை.

உங்க கோட்டை இன்னும் அனுப்பலை. நானே கொண்டு வரேன்.

எலாமான்


அட்-பாஷி
நவம்பர் 29, வெள்ளி

மிர்ஸா தம்பிக்கு,

பேர் பழையபடி மாறிடுச்சு பாத்தியா? உயிர் வந்தது எனக்கு. உன் கடிதம் நேத்து வந்தப்ப எண்ணெய்ச் சட்டி அடுப்புல இருந்தது. வியாழக்கிழமையாச்சே, போனவங்களுக்கு எண்ணெய் வாசம் காட்டற நாள். போர்சோக் பணியாரம் ரெண்டு சட்டி கருகினதுதான் மிச்சம். மீரிம் கருகினதையே தின்னுட்டு, "சித்தப்பா வர்றாரா, அப்பக் கருகட்டும்"ங்கறா.

ஒன்பதுக்காக அழாதே. உன் கையாலன்னு சொல்லிக்காதே. பாதிப் பழி எனக்கு. அதைப் படிக்கட்டுல ரெண்டு பேரும் உக்காந்து பங்கு போட்டுக்கலாம்.

நீ யோசிச்ச வார்த்தை சரிதான். ஸ்கூல்ல தேர்வுத்தாளைப் பூட்டறது எப்படின்னு சொல்லிக் கொடுத்திருந்தாங்க, அப்படித்தான் பூட்டினேன். யாரும் என்கிட்டேருந்து எதிர்பாக்காத வார்த்தையா இருக்கணுமே, அதான் அவர் பேரையே வெச்சேன். முதல் தடவை அடிக்கறப்ப உடம்பெல்லாம் கூசிச்சு. பெரியவர் பின்னாடி நின்னு பாத்துட்டே இருந்தார். திரையில எழுத்தா விழலை, வெறும் புள்ளி புள்ளியாத்தான் விழுந்தது. "எங்க எழுதியிருக்க? புள்ளிதானே வெச்சிருக்க? குத்தமில்லை, கெலின்"னு சொல்லிட்டு, இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சார்.

நான் முழுசா கேட்டதில்லை. மாவு பிசைஞ்சுட்டே காதுல விழுந்ததுதான். ஒருநாள் உன்னைத் திட்டினார், நல்லாவே திட்டினார். ஒருநாள் உன் சின்ன வயசு. ஒருநாள் கால் மணி நேரம் இருமிக்கிட்டே உக்காந்திருந்தார். மன்னிச்சேன்னு வாயால சொன்னாரான்னு கேட்டா, எனக்குக் கேக்கலை தம்பி. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா ஒண்ணு நிச்சயமாத் தெரியும். பேசி முடிச்சதும் அதை நிறுத்தற விதம் அவருக்குத் தெரியாது. முப்பத்தொரு நாளும் காட்டிக் கொடுத்தேன், முப்பத்தொரு நாளும் மறந்தார். அந்த எலியைக் கையில புடிச்சுட்டு, திரைக்கு மூக்கு முட்ட குனிஞ்சு, தேடுவார். அப்புறம் ஒவ்வொரு நாளும் அதே வார்த்தைதான். "கெலின், இதை நிறுத்தத் தெரியலை. அவன் வரட்டும், அவன் வந்து நிறுத்தட்டும்." நான் ஓடி வந்து நிறுத்துவேன்.

இருபத்திரெண்டு வந்திருக்குன்னா, இருபத்திரெண்டு தடவை அதைக் கேப்ப.

நாளைக்கு நீ வர்ற நேரத்துக்குக் கதவைத் திறந்தே வெச்சிருப்பேன், குளிர் வந்தாலும் பரவாயில்லை. நான் கம்ப்யூட்டரைப் போட்டு, அந்தப் புள்ளிங்களை வெச்சுட்டு, மாவு பிசையப் போயிடுவேன். முடிஞ்சதும் நீயே நிறுத்து.

அண்ணி ஜிபார்